தவணை குறைகிறது, கடன் குறைகிறதா?

கேள்வி: நாங்கள் மண்டபத்தில் வசிக்கிறோம். என் கணவருக்கு ஒரு விசைப்படகில் பாதிப் பங்கு இருக்கிறது. நான் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். வீட்டு வசதி நிதி நிறுவனம் ஒன்றில் மாறும் வட்டிக்குக் கடன் வாங்கி வீடு கட்டினோம். இன்றைய அசல் நிலுவை 18 லட்சம் ரூபாய்; வட்டி 9.75 சதவீதம், இன்னும் 12 ஆண்டுகள் கட்ட வேண்டும், மாதத் தவணை 21,250 ரூபாய். மீன்பிடித் தடைக்காலம் வந்தால் நகையை அடகு வைத்துத்தான் தவணை கட்டுகிறோம். ராமநாதபுரத்தில் உள்ள ஒரு வங்கி 8.25 சதவீத வட்டிக்குக் கடனை மாற்றித் தருவதாகவும், 20 ஆண்டுகளாக நீட்டித்துக்கொண்டால் தவணை 15,340 ரூபாயாகக் குறையும் என்றும் சொல்கிறது. மாற்றலாமா?
– வாசகி, மண்டபம்

பதில்: கடனை மாற்றலாம், அம்மா. ஆனால் 20 ஆண்டுகள் என்று எழுதிய படிவத்தில் கையெழுத்திட வேண்டாம்.

இப்போதுள்ளபடியே 12 ஆண்டுகள் கட்டினால் மொத்தம் ஏறத்தாழ 30.6 லட்சம் ரூபாய் கட்டியிருப்பீர்கள். வங்கி சொல்லும் 15,340 ரூபாயை 240 மாதங்கள் கட்டினால் அது 36.8 லட்சத்தைத் தொடும். அதாவது வட்டி விகிதம் குறைந்தும் ஆறு லட்சத்துக்கு மேல் கூடுதலாகக் கொடுக்கிறீர்கள். அதே 8.25 சதவீதத்தில் காலத்தை மட்டும் 12 ஆண்டுகளாகவே வைத்துக்கொண்டால் தவணை ஏறத்தாழ 19,730 ரூபாயாகி, மாதம் 1,520 ரூபாயும் மொத்தத்தில் இரண்டு லட்சத்துக்குச் சற்று அதிகமாகவும் மிஞ்சும். இந்தக் கணக்கை வங்கியில் பெரும்பாலும் யாரும் தாமாகப் போட்டுக் காட்டுவதில்லை.

வங்கிக்குப் போகுமுன் உங்கள் நிதி நிறுவனத்திடமே வட்டியைக் குறைக்கக் கோரி எழுத்துமூலம் விண்ணப்பம் கொடுங்கள். 2025 பிப்ரவரி முதல் ஜூன் வரை ரிசர்வ் வங்கி, தான் வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டியான ரெப்போ விகிதத்தை 6.50-லிருந்து 5.50 சதவீதமாகக் குறைத்தது. 2019 அக்டோபருக்குப் பின் வங்கிகள் கொடுக்கும் மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் ரெப்போ போன்ற வெளி அளவுகோலுடன் இணைக்கப்பட்டிருப்பதால் அக்குறைப்பு அவற்றில் தானாக இறங்கும். வீட்டு வசதி நிதி நிறுவனங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லாததால், கேட்காதவருக்குப் பழைய வட்டியே தொடர்வது சாதாரணம். ஒருமுறைக் கட்டணம் ஒன்றை வாங்கிக்கொண்டு அவர்களே 8.5 சதவீதத்துக்கு அருகில் இறங்கி வந்தால், இடம் மாறும் அலைச்சலே தேவைப்படாமல் போகலாம்.

அவர்கள் மறுத்தால் மாறுங்கள். தனிநபர் மாறும் வட்டியில் பெற்ற வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைப்பதற்கு அபராதம் வசூலிக்கக் கூடாது. செலவெல்லாம் புதிய இடத்தில்தான்: பரிசீலனைக் கட்டணம், வழக்கறிஞர் கருத்துரை, வீட்டு மதிப்பீடு, பத்திரத்தை ஒப்படைத்து எழுதும் அடமான ஆவணத்துக்கான முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம். இவற்றைக் கூட்டி 1,520-ஆல் வகுத்தால் எத்தனை மாதங்களில் செலவு திரும்பக் கிடைக்கும் என்பது தெரியும்; இரண்டு ஆண்டுகளுக்கு மேல் போனால் நான் மாறமாட்டேன்.

மதிப்பீட்டாளர் வருமுன் வீட்டைச் சுற்றி ஒருமுறை பாருங்கள். உப்புக் காற்று படும் வீட்டில் சன்ஷேடின் அடிப்பகுதி முதலில் பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி வெளியே தெரியத் தொடங்கும். அவர் அதைப் படமெடுத்து மதிப்பைக் குறைத்து எழுதினால் வங்கி அனுமதிக்கும் தொகையும் குறைந்துவிடலாம். சில ஆயிரம் ரூபாயில் பூசிச் சரிசெய்யக்கூடிய வேலை அது. கடலுக்கு அருகில் உள்ள மனை என்பதால் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் குறித்தும் வழக்கறிஞர் கேட்பார். பட்டாவையும் கட்டட அனுமதியையும் தாய்ப்பத்திரத்துடன் எடுத்து வையுங்கள்.

உங்கள் உண்மையான சிக்கல் வட்டியைவிடத் தடைக்காலம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் படகு கரையில் நிற்கிறது. அரசு தரும் 8,000 ரூபாய் நிவாரணம் அரைத் தவணைக்குக்கூடப் போதாது. இரண்டு தவணைகளுக்கு 39,460 ரூபாய் தேவை. மற்ற பத்து மாதங்களில் மாதம் 4,000 ரூபாய் வீதம் தொடர் வைப்பில் போட்டால் அது சேர்ந்துவிடும். அதில் 1,520 ரூபாய் வட்டிக் குறைப்பிலேயே கிடைக்கிறது. மீதி 2,480 ரூபாயை மீன்பாடு நன்றாகக் கிடைக்கும் மாதங்களில் முன்கூட்டியே ஒதுக்குங்கள். கணக்கில் பணமின்றித் தவணை திரும்பினால், கடனை ஒழுங்காகக் கட்டுகிறீர்களா என்பதைக் காட்டும் சிபில் மதிப்பெண் சரியும் என்பதால், விண்ணப்பத்தைத் தடைக்காலம் தொடங்குவதற்கு வெகு முன்பே கொடுத்துவிடுங்கள். கூடவே, வீட்டுக் கடனுக்கு மேல் கூடுதல் தொகையாக டாப்-அப் கடன் தருகிறோம் என்பார்கள். எஞ்சின் பழுதுபார்க்கும் செலவை 12 ஆண்டுக் கடனில் ஏற்ற வேண்டாம்.

கேள்வி: வேறு வங்கிக்கு மாற்றியதில் பழைய கடன் அடைந்து இரண்டு மாதங்களாகியும் பத்திரம் வரவில்லை. என்ன செய்வது?
– வாசகர், தொண்டி

பதில்: கடன் முழுவதும் அடைந்த 30 நாட்களுக்குள் மூலப் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும் என்பதும், தவறு அவர்களுடையதாக இருந்தால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பதும் 2023 டிசம்பர் 1 முதல் ரிசர்வ் வங்கியின் விதி. இதைக் குறிப்பிட்டு, கடன் அடைந்த தேதியுடன், பழைய நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். அவர் 30 நாட்களில் பதில் தராவிட்டால், கடன் கொடுத்தது வங்கி என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கும், வீட்டு வசதி நிதி நிறுவனம் என்றால் தேசிய வீட்டு வசதி வங்கிக்கும் அந்தக் கடிதத்தின் நகலோடு புகாரை அனுப்புங்கள்.