1968 ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயருக்கு எந்தப் புது எஞ்சின் போடலாம்?

நீங்கள் கேட்டது இதுதான்: மாமனார் வழியாகக் கைக்கு வந்த 1968 ஸ்பிட்ஃபயர் மார்க் 3 ஸ்போர்ட்ஸ் கார், மார்த்தாண்டம் நெரிசலில் மாட்டினால் சூடாகிறது, ஓடும்போது ஃபர்ஸ்ட் கியர் விழமாட்டேன் என்கிறது, உதிரி கிடைப்பதில்லை, ஸ்விஃப்ட் எஞ்சின் இறக்கலாமா, இல்லை இங்கிலாந்துக்காரர்கள் செய்வதுபோல மஸ்தா எஞ்சின் வரவழைக்கலாமா?

இரண்டும் வேண்டாம். மாற்றியே தீர வேண்டும் என்றால் மாருதி ஜிப்சியின் எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீய்ச்சுகிற) எஞ்சினை அதன் கியர்பாக்ஸோடு சேர்த்து வாங்குங்கள். நான் தக்கலைப் பக்கம் ஒர்க்‌ஷாப் நடத்துகிறவன், ஜீப்பும் ஜிப்சியும்தான் எனக்குத் தினசரி வேலை, அதனால் சொந்தப் பாசம் பேசுகிறது என்று நினைத்தாலும் பரவாயில்லை, காரணங்களைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

எஞ்சின் மாற்ற நினைக்கிற எல்லோரும் முதலில் குதிரைத்திறனைப் பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது கியர்பாக்ஸ். ஸ்பிட்ஃபயரில் எஞ்சின் நெடுக்காக உட்கார்ந்து பின்சக்கரத்தை ஓட்டுகிறது. ஸ்விஃப்ட், பலேனோ எல்லாம் எஞ்சின் குறுக்காக உட்கார்ந்து முன்சக்கரம் ஓடும் வண்டிகள், அந்தக் கியர்பாக்ஸில் பின்னால் ஷாஃப்ட் மாட்ட இடமே கிடையாது. வேறு கியர்பாக்ஸ் தேடி, நடுவில் அடாப்டர் பிளேட் கடைந்து, ஃப்ளைவீல், கிளட்ச் பிளேட், ஸ்டார்ட்டர் மூன்றையும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வைக்க வேண்டும். லேத்தில் மயிரிழை நடு விலகினாலும் கியர்பாக்ஸின் முன் பேரிங் சீக்கிரமே கத்த ஆரம்பிக்கும். மஸ்தா எம்எக்ஸ் 5 எஞ்சின் பின்சக்கர வண்டியோடது, நல்ல எஞ்சின், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்தக் கார் இந்தியாவில் விற்கப்படவே இல்லை. ஒரு சென்சார் போனால் நாகர்கோவிலில் எந்தக் கடையில் போய் நிற்பீர்கள்?

ஜிப்சியின் ஜி13பிபி என்கிற எஞ்சின் 1298 சிசி, பதினாறு வால்வு, பிளாக்கும் ஹெட்டும் அலுமினியம், 80 குதிரைத்திறன். உங்கள் வண்டியின் அசல் எஞ்சின் 1296 சிசி, 75 குதிரைத்திறன். முறுக்கு விசையும் இரண்டுக்கும் கிட்டத்தட்ட 102, 103 நியூட்டன் மீட்டர்தான். இவ்வளவு நெருக்கமான ஜோடி தேடினாலும் அமையாது. இதே எஞ்சின் குடும்பம் எஸ்டீமிலும் வெர்சாவிலும் ஓடியது, அதனால் வாட்டர் பம்ப், டைமிங் பெல்ட், பிஸ்டன் ரிங் எல்லாம் நம் ஊரிலேயே சொல்லி வைத்து வாங்கலாம்.

அப்புறம், ஜிப்சியில் நான்கு சக்கரத்துக்கும் ஓட்டத்தைப் பிரித்துக் கொடுக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸோடு ஒட்டியிருக்காது, தனிப் பெட்டியாகப் பின்னால் தள்ளி நிற்கும், நடுவில் ஒரு குட்டி ஷாஃப்ட். அந்தப் பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டால் கையில் இருப்பது ஐந்து கியர் உள்ள, பின்னால் நேராக ஷாஃப்ட் மாட்டக்கூடிய சாதாரணக் கியர்பாக்ஸ். கியர் லிவரும் அதன் தலையிலேயே நிற்கும். மாருதி ஈக்கோவும் பின்சக்கர வண்டிதானே என்று கேட்பீர்கள். சரிதான், ஆனால் அதில் எஞ்சின் சீட்டுக்கு அடியில் இருப்பதால் லிவர் வேறிடத்தில் இருந்து இழுக்கிற அமைப்பு, சம்ப்பும் (எஞ்சினுக்கு அடியில் உள்ள ஆயில் தொட்டி) மேனிஃபோல்டும் அந்த இடத்துக்கென்று செய்தவை. ஸ்பிட்ஃபயரின் தாழ்ந்த பானட்டுக்குள் அதை அடக்குவது வீண் மல்லுக்கட்டு.

இனி பவர் ஏன் கூடக் கூடாது என்பது. ஸ்பிட்ஃபயர் மார்க் 3 அடிப்படையில் ட்ரையம்பின் ஹெரால்டு காரின் சேசிஸ் வழி வந்த வண்டி. நம்ம சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1961 முதல் செய்த அதே ஹெரால்டுதான், அதனால் சஸ்பென்ஷன் பாகங்களுக்குப் பழைய ஸ்டாண்டர்டு ஆட்களிடம் விசாரித்தால் வழி கிடைக்கும். பின்னால் குறுக்கே ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங், இரண்டு பக்கமும் ஊசலாடுகிற ஆக்சில். வளைவில் வேகமாக நுழைந்து பயந்து ஆக்சிலேட்டரை விட்டால் பின்சக்கரம் உள்ளே மடங்கிக்கொண்டு பின்பக்கம் சுற்றிவிடும். குலசேகரத்தில் இருந்து பேச்சிப்பாறை போகிற வழியில் மழைக்காலத்தில் ரப்பர் இலை ஒட்டிக் கிடக்கும் வளைவுகளை நினைத்துப் பாருங்கள். அங்கே 130 குதிரைத்திறன் உள்ள எஞ்சினோடு ஸ்பிட்ஃபயர் ஓட்டப் போகிறவர் என் தம்பியாக இருந்தால் சாவியைப் பிடுங்கி வைத்துக்கொள்வேன். பின்னால் உள்ள கிரவுன் பல்சக்கரமும் ஆக்சில் ஜாயின்ட்டுகளும்கூட 75 குதிரைக்கென்று செய்தவை, 80 வரை தாங்கும், இரட்டிப்பாக்கினால் உடையும்.

ஜிப்சி எஞ்சின் இறக்கும்போது வேலை வாங்குகிற இடங்களைச் சொல்கிறேன். சம்ப்பின் ஆழமான பகுதி ஸ்டியரிங் ராக்கிலும் சேசிஸ் குறுக்குச் சட்டத்திலும் இடிக்கிறதா என்று வெற்று பிளாக்கைத் தொங்கவிட்டு அளந்த பிறகே மவுன்ட் வெல்ட் செய்யுங்கள். ஸ்பிட்ஃபயரில் பானட் மொத்தமும் முன்னால் கவிழ்ந்து திறப்பதால் இந்த வேலை மற்ற வண்டிகளைவிட எளிது. சைலன்சர் குழாயும் ஸ்டியரிங் ராடும் ஒரே பக்கம் வருகிறதா என்று பாருங்கள். இணையத்தில் பார்க்கிற அமெரிக்கப் படங்களில் ஸ்டியரிங் இடப்பக்கம், அதை நம்பி இங்கே வெட்டக் கூடாது. ஃபியூயல் இன்ஜெக்‌ஷனுக்கு அழுத்தமான பெட்ரோல் வேண்டும், பழைய மெக்கானிக்கல் பம்ப் உதவாது, டாங்குக்குத் திரும்புகிற ஒரு லைனும் போட வேண்டும். சீட்டுக்குப் பின்னாலேயே டாங்க் இருக்கிற வண்டி இது, அங்கே மலிவு ஹோஸ் போடாதீர்கள், பங்கில் வருவது இப்போது எத்தனால் கலந்த பெட்ரோல், அதற்குத் தாங்குகிற ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று ஸ்பீடோமீட்டர். ஜிப்சியில் ஸ்பீடோ கேபிள் மாட்டுகிற இடம் நாம் கழற்றி வைத்த அந்த டிரான்ஸ்ஃபர் கேஸில்தான் இருக்கிறது. ஆகவே ஷாஃப்டில் சென்சார் வைத்தோ ஜிபிஎஸ் வைத்தோ பழைய மீட்டர் முகத்தை ஓட்ட வைக்க வேண்டும். அதற்கும் பணம் ஒதுக்குங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும், உங்கள் இடத்தில் நான் இருந்தால் எஞ்சினை மாற்றமாட்டேன். நீங்கள் சொன்ன குறைகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். நெரிசலில் சூடாவதற்குப் பெரும்பாலும் ரேடியேட்டரில் படிந்த சேறும் மெதுவாகச் சுற்றும் பழைய ஃபேனும்தான் காரணம், கோர் மாற்றி எலக்ட்ரிக் ஃபேன் வைத்தால் மார்த்தாண்டம் பாலத்துக்கடியில் அரை மணி நேரம் நின்றாலும் முள் ஏறாது. ஃபர்ஸ்ட் கியர் ஓட்டத்தில் விழாதது பழுதே இல்லை, மார்க் 3-இல் ஃபர்ஸ்ட்டுக்கு சின்க்ரோ (ஓட்டத்திலேயே கியர் பற்களின் வேகத்தை ஒத்துப்போக வைக்கிற வளையம்) கிடையாது, நின்ற பிறகுதான் போட வேண்டும். உதிரி விஷயம், ஸ்பிட்ஃபயர் மூன்று லட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட வண்டி, இங்கிலாந்தில் இன்றும் ஏறக்குறைய எல்லாப் பாகமும் புதிதாக விற்கிறார்கள், கஸ்டம்ஸ் வரி கட்டினாலும் மொத்த மாற்றுச் செலவைவிடக் குறைவுதான்.

ஒரே ஒரு சோதனை மட்டும் இன்றே செய்யுங்கள். எஞ்சினை அணைத்துவிட்டு பானட்டைத் திறந்து, முன்னால் ஃபேன் பெல்ட் புல்லியில் விரலை வையுங்கள், வீட்டில் யாரையாவது கிளட்ச்சை மிதிக்கச் சொல்லுங்கள். மிதிக்கும்போது புல்லி கண்ணுக்குத் தெரிகிற அளவு முன்னும் பின்னும் நகர்ந்தால், கிராங்க் ஷாஃப்ட் முன்பின் நகராமல் பிடித்து வைக்கிற த்ரஸ்ட் வாஷர் தேய்ந்துவிட்டது. இந்த ட்ரையம்ப் எஞ்சினின் பெரிய பலவீனம் அதுதான். வாஷர் கழன்று சம்ப்பில் விழும்வரை ஓட்டினால் கிராங்க் பிளாக்கையே அரைத்துவிடும், அப்போது உண்மையிலேயே வேறு எஞ்சின் தேட வேண்டி வரும். நகராவிட்டால் உங்கள் எஞ்சின் காப்பாற்றக்கூடியது.

கடைசியாகச் சட்டம், இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆர்சி புத்தகத்தில் எஞ்சின் நம்பர் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்ற விடுவதில்லை, 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. மார்த்தாண்டம் ஆர்டிஓ அலுவலகத்தில் முதலில் எழுத்தில் கேளுங்கள், அதற்கப்புறம் ஸ்பேனரைத் தொடுங்கள். அனுமதி இல்லாத எஞ்சினோடு விபத்தானால் இன்சூரன்ஸ் கைவிரிக்க அதுவே காரணமாகும். இன்னொன்று, 2021-இல் வந்த விதிப்படி ஐம்பது வயது தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று (புதிதாகப் பதிவதென்றால் 20,000 ரூபாய் கட்டி, விஏ எழுத்துகள் உள்ள நம்பரில்) பதியலாம், ஆனால் சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. அப்படிப் பதிந்தால் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்றுதான் வெளியே எடுக்கலாம், ஞாயிற்றுக்கிழமை சங்குத்துறைக் கடற்கரைக்குக் குடும்பத்தோடு போக முடியாது. எது உங்களுக்கு வேண்டும் என்று வீட்டில் பேசிக்கொள்ளுங்கள்.

எல்லாம் பார்த்து அனுமதியும் வாங்கி மாற்றுவதென்றே முடிவானால், ஜிப்சி எஞ்சினைப் பழைய வண்டி உடைக்கும் இடத்தில் ரசீது, வண்டியின் பழைய ஆர்சி நகல் இரண்டும் இல்லாமல் எடுக்காதீர்கள், நம்பர் அடித்த இடம் தேய்க்கப்பட்டிருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். சேசிஸில் எதையும் வெட்டாமல் போல்ட் போட்டுக் கழற்றுகிற மாதிரி மவுன்ட் செய்யச் சொல்லுங்கள். ட்ரையம்ப் எஞ்சினை இரும்பு விலைக்குப் போட்டுவிடாதீர்கள். பிளக் துளை வழியாக ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் ஊற்றி, துளைகளை அடைத்து, தார்ப்பாயில் சுற்றி மரப்பலகை மேல் வையுங்கள், இடைக்கிடை கையால் சுற்றிவிடுங்கள். நம் பக்கத்து உப்புக்காற்றில் சும்மா கிடந்தால் ரிங் பிடித்துவிடும்.