இதயத்தில் ஒன்றும் இல்லை என்றார்கள்... இனி யாரிடம் போவது?

அன்புள்ள மேடம்,

வணக்கம். எனக்கு 36 வயது. சிவகாசியில் சின்னதாக ஒரு ஆப்செட் அச்சகம் நடத்துகிறேன். அப்பா ஆரம்பித்தது. போன வருடம் காலண்டர் சீசன் நடுவில் ஹார்ட் அட்டாக்கில் தவறிவிட்டார், நான்தான் பக்கத்தில் இருந்தேன்.

சில மாதமாக எனக்குத் திடீர் திடீரென்று நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது. மூச்சு அடைக்கிறது, விரல்கள் மரத்துப்போகின்றன, இதோ விழுந்து செத்துவிடப் போகிறேன் என்று தோன்றுகிறது. முதல் தடவை மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது வந்தது. பசங்க ஆட்டோவில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஈ.சி.ஜி., எக்கோ, ரத்தப் பரிசோதனை எல்லாமே நார்மல். அதன் பிறகும் பல தடவை வந்துவிட்டது. கடைசியாகப் பார்த்த டாக்டர், "இதயத்துல ஒண்ணும் இல்ல தம்பி, மனநல டாக்டர் யாரையாவது பாருங்க" என்று சொல்லிவிட்டார். யாரை, எங்கே என்று சொல்லவில்லை.

இணையத்தில் தேடினால் சைக்கியாட்ரிஸ்ட், சைக்காலஜிஸ்ட், கவுன்சலர், தெரபிஸ்ட், ஹிப்னோதெரபிஸ்ட் என்று என்னென்னவோ வருகிறது. அப்படித் தேடித்தான் ஒருவரிடம் போனேன். 'மனோதத்துவ நிபுணர்' என்று போர்டு போட்டிருந்தார். ஆழ்மனதைச் சரிசெய்து நிரந்தரமாகக் குணமாக்குவதாகச் சொல்லி, மொத்தப் பேக்கேஜுக்கும் முன்பணம் வாங்கிக்கொண்டார். உட்கார்ந்த நேரத்தில் பாதிக்கு மேல் அவர்தான் பேசினார். "ஆம்பளை இப்படிப் பயப்படலாமா?" என்றும் கேட்டார். அதற்கு மேல் போகவில்லை. பணமும் திரும்ப வரவில்லை.

இப்போது பைபாஸில் வண்டி ஓட்டுவதை நிறுத்திவிட்டேன். பார்ட்டிகளைப் பார்க்க வெளியூர் போவதில்லை. கல்யாண வீட்டில் வாசல் பக்கமாகத்தான் உட்காருகிறேன். தூக்கம் வராததால் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கும் நண்பன் ஒரு 0.25 மாத்திரை கொடுத்தான். ராத்திரி அதைப் போட்டுக்கொள்கிறேன். சில ராத்திரி, இப்படியே போய்விட்டாலும் பரவாயில்லை என்று இருக்கிறது.

மனைவிக்கு எல்லாம் தெரியும், டாக்டரிடம் போகச் சொல்கிறாள். அம்மா இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்திருக்கிறார். தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறோம். இந்த ஊரில் ஒருத்தருக்கொருத்தர் தெரியாத ஆள் கிடையாது. நான் மனநல டாக்டரிடம் போவது வெளியே தெரிந்தால் தங்கை வாழ்க்கை என்னாவது? மதுரைக்கே போய்விடலாமா? ஆன்லைனில் பார்க்கலாமா? மாத்திரை ஆரம்பித்தால் காலம் முழுக்கச் சாப்பிட வேண்டுமா? நல்லவர் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பெயர் வேண்டாம்,
சிவகாசி.

*

அன்புத் தம்பிக்கு,

நீங்கள் கேட்காத ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். 'இப்படியே போய்விட்டாலும் பரவாயில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். களைப்பில் அப்படித் தோன்றலாம். ஆனால் அந்த எண்ணம் வருகிற ராத்திரியில், நல்ல டாக்டரைத் தேடிக் கண்டுபிடிக்கும்வரை காத்திருக்கக் கூடாது. மனைவியை எழுப்பிச் சொல்லுங்கள். 14416 என்ற எண்ணை அழையுங்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவை அது. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம், இரவிலும் எடுப்பார்கள். தமிழக அரசின் 104 மருத்துவ உதவி எண்ணும் இருக்கிறது. சென்னையில் 1986 முதல் தற்கொலைத் தடுப்புக்காகவே இயங்கும் சினேகாவின் எண் 044-24640050. இவற்றில் ஒன்றையாவது இப்போதே போனில் பதிந்து வையுங்கள்.

அடுத்து, உங்களுக்கு நடப்பது என்ன? நேரில் பார்க்காமல் நான் நோயின் பெயரைச் சொல்லக் கூடாது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பவை பேனிக் அட்டாக்கின் அடையாளங்களாகவே இருக்கின்றன. ஆபத்து எதுவும் இல்லாத நேரத்தில் உடம்பு ஆபத்து என்று முடிவு கட்டிவிடுகிறது. அட்ரினலின் பாய்கிறது, இதயம் வேகமாக அடிக்கிறது, மூச்சு வேகமாகிறது. வேகமாக மூச்சு விடும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறையும். விரல் மரத்துப்போவதும் தலை கிறுகிறுப்பதும் அதனால்தான். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு தானாகவே இறங்கிவிடும். நடிப்பும் கிடையாது, கோழைத்தனமும் கிடையாது. மனநலப் பிரச்சினைகளில் சிகிச்சைக்கு நன்றாகவே கட்டுப்படுகிற ஒன்று இது. (தைராய்டு பார்த்தார்களா? பார்க்கவில்லை என்றால் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அதுவும் படபடப்பைக் கொடுக்கும்.)

இனி, யார் யார் என்ற குழப்பத்துக்கு வருகிறேன். சைக்கியாட்ரிஸ்ட் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து, மேலே மனநல மருத்துவத்தில் எம்.டி., டி.பி.எம். போன்ற படிப்பு முடித்த டாக்டர். மாநில மருத்துவக் கவுன்சிலில் பதிவு இருக்கும். மாத்திரை எழுதும் உரிமை அவருக்கு உண்டு, சைக்காலஜிஸ்டுக்குக் கிடையாது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் பேச்சு வழியாகச் சிகிச்சை தருபவர். அவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில், அதாவது ஆர்.சி.ஐ.யில், பதிவு பெற்றிருக்க வேண்டும். அந்தப் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்று யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். என்னைப் போன்ற ஆலோசகர்கள் மூன்றாவது. எங்களில் உளவியலில் முதுகலை படித்து, பயிற்சி பெற்று, பொறுப்போடு வேலை செய்பவர்கள் நிறையப் பேர். ஆனால் வார இறுதிச் சான்றிதழ் ஒன்றை வாங்கிக்கொண்டு போர்டு மாட்டினாலும் உடனே தடுக்க ஆள் இல்லை என்பதும் உண்மை. அதனால், "என்ன படித்தீர்கள், எங்கே பயிற்சி எடுத்தீர்கள்?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. ஒழுங்காகப் படித்தவர் சந்தோஷமாகப் பதில் சொல்வார்.

நீங்கள் சந்தித்த அந்த மனிதரைப் பற்றி வாசித்தபோது எனக்குக் கோபமே வந்தது. நிரந்தரக் குணம் என்று உத்தரவாதம் தருபவர், மொத்தப் பணத்தையும் முன்னாலேயே கேட்பவர், ஆம்பளை பயப்படலாமா என்று கேட்பவர், இந்த மூவரிடமிருந்தும் எழுந்து வந்துவிடலாம். எழுந்து வந்தது சரியான முடிவு. அந்த ஒருவரை வைத்து மற்றவர்களையும் முடிவு கட்டிவிடாதீர்கள், அவ்வளவுதான் நான் கேட்பது.

உங்கள் நிலைமையில் முதலில் பார்க்க வேண்டியது சைக்கியாட்ரிஸ்டை. ஒருமுறை முழுதாகப் பரிசோதித்து, மாத்திரை தேவையா, பேச்சு சிகிச்சை மட்டும் போதுமா, இரண்டும் வேண்டுமா என்று அவர் முடிவு செய்யட்டும். விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான். அங்கே மனநலப் பிரிவு இருக்கிறது, பணம் கட்ட வேண்டியதில்லை. இது தவிர ஒவ்வொரு மாவட்டத்திலும் மாவட்ட மனநலத் திட்டம் என்று ஒன்று நடக்கிறது. அந்தக் குழுவினர் குறிப்பிட்ட நாட்களில் தாலுகா மருத்துவமனைகளுக்கும் வருவார்கள். உங்கள் ஊர் அரசு மருத்துவமனைக்கு என்றைக்கு வருகிறார்கள் என்பதை ஓ.பி. சீட்டு கொடுக்கும் இடத்திலேயே கேட்கலாம். நேரில் கேட்கக் கூச்சமாக இருந்தால் 14416-இல் கேளுங்கள், பக்கத்தில் எங்கே போகலாம் என்று சொல்வார்கள். தனியாரிடம் என்றால் பேச்சு சிகிச்சைக்கு முக்கால் மணி நேரத்துக்கு 500 ரூபாயிலிருந்து 2000 ரூபாய் வரை வாங்குவதை நான் பார்த்திருக்கிறேன். அதிகம் வாங்குபவர்தான் நல்லவர் என்று நினைக்க வேண்டாம்.

மதுரைக்குப் போகலாமா என்று கேட்டீர்கள். மதுரையில் நல்ல வசதிகள் உண்டு. அரசு ராஜாஜி மருத்துவமனை இருக்கிறது, 1992-இல் தொடங்கிய எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை இருக்கிறது. மருத்துவக் காரணத்துக்காக மதுரை என்றால் தாராளமாகப் போங்கள். யாரும் பார்க்கக் கூடாது என்பதற்காக மட்டும் என்றால் வேண்டாம் என்பேன். பேச்சு சிகிச்சை ஒரே நாளில் முடிகிற காரியம் இல்லை. வாரம் ஒரு தடவை என்று இரண்டு மூன்று மாதமாவது போக வேண்டியிருக்கும். ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் மாதிரி ஆல்பம் போட்டு, ஆர்டர் குவிந்து, ராத்திரி ஷிப்ட் ஓடும்போது, வாரா வாரம் ஒரு நாளை மதுரைக்கு ஒதுக்குவீர்களா? பைபாஸில் வண்டி ஓட்டவே பயப்படுகிறவர் அவ்வளவு தூரம் போக ஒவ்வொரு முறையும் ஒருத்தரைத் துணைக்குக் கூப்பிட வேண்டியிருக்கும். என் அனுபவத்தில், பாதியில் நின்றுபோன பலருக்குக் காரணம் சிகிச்சை சரியில்லாதது அல்ல, தூரம்தான். திரும்பத் திரும்பப் போய்வர முடிகிற இடத்தில், உங்கள் பேச்சு வழக்கு புரிகிறவராகத் தேடுங்கள். பெரிய பெயர் இரண்டாம்பட்சம். உள்ளூரில் பேச்சு சிகிச்சைக்கு ஆள் கிடைக்கவில்லையென்றால், டாக்டரை நேரில் பார்த்துவிட்டு, பேச்சு சிகிச்சையை ஆன்லைனில் வைத்துக்கொள்ளலாம். பேனிக் பிரச்சினைக்கு அதுவும் பலன் தரும். கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறை மட்டும் வேண்டும், அச்சகத்து மேஜையில் உட்கார்ந்து பேச முடியாது.

வெளியே தெரிந்துவிடும் என்ற பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பெண் பார்க்க வருகிறவர்கள் அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள் என்பது எனக்கும் தெரியும். ஆனால் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி, உங்கள் சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைப்பது சிகிச்சை தருபவர்களின் கடமை. உயிருக்கு ஆபத்து போன்ற சில காரணங்களைத் தவிர, உங்கள் அனுமதி இல்லாமல் வெளியே சொல்லக் கூடாது. முதல் சந்திப்பிலேயே, "நான் சொல்வது யார் யாருக்குத் தெரியும்?" என்று கேளுங்கள். அரசு மருத்துவமனையில் ஒரே கூரைக்குக் கீழே சர்க்கரைக்கும் மூட்டுவலிக்கும் ஆள் நிற்கும், நீங்கள் எதற்கு வந்தீர்கள் என்று யாருக்குத் தெரியும்? இன்னொன்றும் யோசியுங்கள். மெஷின் பக்கத்தில் விழுந்து பசங்க ஆட்டோவில் தூக்கிப்போனதை ஊர் ஏற்கெனவே பார்த்துவிட்டது. சிகிச்சை எடுக்காமல் இருந்தால் அதைத்தான் மறுபடியும் பார்க்கும்.

அம்மாவின் நேர்த்திக்கடன் நடக்கட்டும், தடுக்காதீர்கள். மனநோயாளிகளைக் கூட்டிவரும் ஏர்வாடி தர்காவிலேயே மருந்தும் துவாவும், அதாவது பிரார்த்தனையும், சேர்ந்து நடக்கிற திட்டம் இருக்கிறது. மாரியம்மனும் மாத்திரை வேண்டாம் என்று சொல்லவில்லை.

நல்லவர் என்று எப்படித் தெரிந்துகொள்வது? போனில் பேசும்போதே, "பேனிக் அட்டாக்குக்கு என்ன முறையில் சிகிச்சை தருவீர்கள்?" என்று கேட்டுவிடுங்கள். சி.பி.டி., அதாவது எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சை, என்று சொல்லி, அது என்ன என்று எளிமையாக விளக்கினால் நல்ல அறிகுறி. அந்த முறையில் உங்களை வெறுமனே பேசவைத்து அனுப்பமாட்டார்கள். அறைக்குள்ளேயே வேண்டுமென்றே வேகமாக மூச்சுவிடச் சொல்வார்கள், படபடப்பை வரவழைத்து, அது தானாக இறங்குவதை உங்களையே பார்க்கவைப்பார்கள். பிறகு கல்யாண வீட்டில் நடு வரிசையில் உட்காருவது, பைபாஸில் ஒரு கிலோமீட்டர் ஓட்டுவது, அடுத்த வாரம் மூன்று கிலோமீட்டர் என்று வேலை கொடுப்பார்கள். ஆரம்பத்தில் கஷ்டமாகத்தான் இருக்கும். 'தவிர்த்துவிடுங்கள், ரெஸ்ட் எடுங்கள்' என்று மட்டுமே சொல்பவரிடம் பயம் குறையாது.

இன்னொரு அடையாளமும் சொல்கிறேன். இவ்வளவு நீளமான கடிதத்தில் அப்பாவின் சாவுக்கு ஒரே வரிதான் கொடுத்திருக்கிறீர்கள். பக்கத்தில் இருந்தேன் என்று எழுதிவிட்டு உடனே அடுத்த பத்திக்குப் போய்விட்டீர்கள். அப்பா இதயம் நின்று போனதைப் பார்த்தவருக்குத் தன் இதயம் கொஞ்சம் வேகமாக அடித்தாலே என்ன தோன்றும்? நீங்கள் அழவாவது நேரம் கிடைத்ததா, இல்லை மறுநாளே டெலிவரி வேலையா? முதல் இரண்டு மூன்று சந்திப்புகளுக்குள் அந்த ஒரு வரியைப் பற்றி உங்களிடம் கேட்டு, நீங்கள் சொல்லும்வரை குறுக்கே பேசாமல் இருப்பவர் உங்களுக்கு ஏற்றவர். அப்படி இல்லையென்றால் அவரிடமே, "எனக்கு இது சரிப்பட்டு வரவில்லை, வேறு யாரையாவது சொல்லுங்கள்" என்று கேட்கலாம். நல்லவர்கள் வருத்தப்படாமல் பெயர் சொல்லி அனுப்புவார்கள்.

கடைசியாக மாத்திரை. பேனிக்குக்கு டாக்டர்கள் வழக்கமாகக் கொடுக்கும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை (மனச்சோர்வுக்கும் கொடுக்கிற ரகம்) மாத்திரைகளுக்கு யாரும் அடிமையாவதில்லை. பலன் தெரிய இரண்டிலிருந்து ஆறு வாரம் ஆகும், ஆரம்ப நாட்களில் படபடப்பு சற்றுக் கூடினதுபோல் இருக்கலாம், பயந்து நிறுத்திவிடாதீர்கள். பலருக்கு நிலைமை சீரான பிறகு சில மாதங்கள் தொடர்ந்து, படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிடுவார்கள். நண்பர் கொடுக்கிற 0.25 வேறு ரகம். அநேகமாக அல்பிரசோலமோ குளோனசெபாமோ இருக்கும். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மாத்திரை, உடம்பு பழகிக்கொள்வது இதற்குத்தான். இன்று ராத்திரியே ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள், அதுவும் ஆபத்து. அளவைக் கூட்டவும் வேண்டாம். அட்டையைப் பையில் போட்டுக்கொண்டு, எத்தனை நாளாகச் சாப்பிடுகிறீர்கள் என்பதையும் எழுதிக்கொண்டு, இந்த வாரத்துக்குள் டாக்டரிடம் காட்டுங்கள். மனைவியையும் கூட்டிப் போங்கள், நீங்கள் சொல்ல மறந்ததை அவர் சொல்வார்.