விண்டோஸ் டிரைவர் மட்டுமே உள்ள யுஎஸ்பி டேட்டா அக்விசிஷன் கருவிக்கு (மின்னழுத்தம் போன்றவற்றை அளந்து கணினிக்கு எண்களாகத் தரும் கருவி) லினக்ஸ் டிரைவர் நாமே எழுதலாமா?

எழுதலாம். ஆனால் முதலில் லினக்ஸின் மையமான கெர்னலில் உள்ள காமெடி (பெயரே அதுதான், சிரிக்காதீர்கள்) என்ற, இத்தகைய கருவிகளுக்கான டிரைவர் தொகுப்பில் உங்கள் கருவி ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கெர்னல் பக்கம் போகாமல், யுஎஸ்பி கருவிகளோடு பேச உதவும் லிப்யுஎஸ்பி நூலகத்தை வைத்துச் சாதாரண நிரலாகவே எழுதுங்கள். பிழை வந்தால் பெரும்பாலும் நிரல்தான் விழும், கணினி விழாது.

வேலையில் பாதி, விண்டோஸ் மென்பொருளும் கருவியும் பேசிக்கொள்வதை ஒட்டுக்கேட்பதுதான். விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மெய்நிகர் கணினிக்குள் விண்டோஸில் தயாரிப்பாளரின் மென்பொருளை ஓட்டி, வெளியே லினக்ஸில் யுஎஸ்பிமான் (யுஎஸ்பி போக்குவரத்தைக் கவனிக்கும் கெர்னல் வசதி), வயர்ஷார்க் (அதைப் பதிந்து காட்டும் மென்பொருள்) கொண்டு பதிவு செய்யுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: சேனல் 0-ஐ 1 ஆக்கினால் எந்த பைட் மாறுகிறது?

அப்புறம் தெரிந்த மின்னழுத்தம் கொடுங்கள். ±10 வோல்ட் வரம்புள்ள 12 பிட் கருவியில் 1.5 வோல்ட் கொடுத்ததும் 33 09 என்று இரண்டு பைட் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சிறிய பைட் முதலில் வருகிறது என்றால் ஹெக்ஸில் 933, அதாவது 2355. 12 பிட் என்றால் 4096 படிகள்; பூஜ்ய வோல்ட் நடுவில், 2048-இல் இருக்கிறது என்று கொள்ளுங்கள். அதில் 2048-ஐக் கழித்து, மொத்த வரம்பான 20-ஆல் பெருக்கி, 4096-ஆல் வகுத்தால் 1.499. சரி, பிடித்துவிட்டீர்கள்! மிச்ச வித்தியாசம் பெரிதாக இருந்தால், அளவுத்திருத்த எண்கள் கருவியின் ஈப்ராமில் (மின்சாரம் போனாலும் அழியாத நினைவகச் சில்லு) இருக்கிறதா என்று தேடுங்கள்.

அனுமதி மறுப்பு வந்தால், கருவியை யார் பயன்படுத்தலாம் என்று லினக்ஸுக்குச் சொல்லும் யுடெவ் விதி ஒன்று எழுதுங்கள். சுடோ (நிர்வாகி அதிகாரத்தில் ஓட்டும் கட்டளை) போட்டே காலம் தள்ளாதீர்கள்.