50 சிசி அளவில் செயின் சோ (மரம் அரியும் இயந்திர வாள்) வாங்குவதென்றால் எது நல்லது? வேகம், எடை, விலை மூன்றையும் பார்த்துச் சொல்லுங்கள்

உங்கள் கேள்வியிலிருந்து எனக்கு விளங்கியது இதுதான். வீடு கொழும்பில், அவிசாவளைப் பக்கம் ஒன்றரை ஏக்கர் காணி. தென்னையும் கொஞ்சம் றப்பரும் நிற்கின்றன. மாதத்துக்கு ஒரு தடவை போய் விழுந்த மரங்களைத் துண்டு போட வேண்டும். கடைக்காரர் ஸ்டில் எம்எஸ் 261-ஐக் காட்டுகிறார், நண்பர் ஹஸ்க்வர்னா 450 போதும் என்கிறார், ஒன்லைனில் 58 சிசி என்று ஒரு மலிவு மெஷினும் கண்ணில் பட்டிருக்கிறது.

என் பதில்: ஸ்டில் எம்எஸ் 250 அல்லது ஹஸ்க்வர்னா 450. இந்த இரண்டில் எதற்கு நல்ல சேர்விஸ் கிடைக்கிறதோ அது. 261 மிக நல்ல மெஷின், ஆனால் உங்களுக்குத் தேவையில்லை. ஏன் என்று சொல்ல என் கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நான் தெஹிவளையில் இருக்கிறேன். மாமனாருக்கு மாரவிலவில் தென்னங்காணி. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போய் மரம் அரிவது எனக்குப் பொழுதுபோக்கு, மனைவியின் பாஷையில் பைத்தியம். முதலில் வாங்கியது ஒரு மலிவு மெஷின். பிறகு எம்எஸ் 250. இப்போது மைத்துனர் 261 ஒன்று வாங்கி அதே கொட்டிலில் வைத்திருக்கிறார். ஒரே குத்தியில் இரண்டையும் மாறி மாறிப் பிடித்துப் பார்க்கும் வாய்ப்பு அப்படித்தான் வந்தது.

முதலில் எடை. கேற்றலொக்கில் போட்டிருக்கும் எடை, பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு), செயின், பெற்றோல், ஒயில் எதுவும் இல்லாத வெறும் எஞ்சினின் எடை. எம்எஸ் 250-க்கு 4.6 கிலோ, 261-க்கு 4.9 கிலோ, ஹஸ்க்வர்னா 450 ஐந்து கிலோவை ஒட்டி வரும். இதோடு 16 அங்குல பாரும் செயினும் சேர்ந்தால் ஏறத்தாழ ஒரு கிலோ கூடும். அரை லீற்றர் பெற்றோலும் கால் லீற்றர் ஒயிலும் விட்டால் இன்னும் அறுநூறு கிராம். அதாவது 4.6 என்று வாசித்துவிட்டு வாங்கும் சாமான் கைக்கு வரும்போது ஆறு கிலோவைத் தாண்டியிருக்கும். கடையில் காலியாகத் தூக்கிப் பார்த்து "லேசாத்தான் இருக்கு" என்று சொல்லாதவர் யாருமில்லை. நானும் சொன்னேன். குனிந்து நின்று முப்பது வெட்டு போட்ட பிறகு நாரி வேறு கதை சொல்லும்.

எடையை மட்டும் தனியாகப் பார்ப்பதில் பிரயோசனம் இல்லை, வலுவோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். எம்எஸ் 250 45.4 சிசி, 2.3 கிலோவாட். 450 50.2 சிசி, 2.4 கிலோவாட். 261-உம் அதே 50.2 சிசிதான், ஆனால் 3.0 கிலோவாட் தருகிறது. சிசி ஒன்றாக இருந்தும் வலுவில் கால் பங்கு வித்தியாசம். ஸ்டிலிலேயே எம்எஸ் 271 என்று ஒன்று இருக்கிறது. அதுவும் 50.2 சிசி, 2.6 கிலோவாட், எடையோ 5.6 கிலோ. ஒரு கிலோவாட்டுக்கு எத்தனை கிலோ தூக்குகிறோம் என்று கணக்குப் போட்டால் 261-க்கு 1.6, 250-க்கு 2.0, 271-க்கு 2.15. ஹஸ்க்வர்னாவின் 550 எக்ஸ்பி மார்க் 2 என்ற தொழில்முறை மெஷின் 3.0 கிலோவாட், 5.3 கிலோ. அதுவும் 1.8-க்குக் கீழே. ஆகவே சிசி எண்ணை வைத்து மட்டும் மெஷின்களை ஒப்பிடாதீர்கள்.

கூடுதல் காசு எதற்குப் போகிறது என்றால் பெரும்பாலும் இந்த விகிதத்துக்குத்தான். 261, 550 எக்ஸ்பி போன்றவற்றில் கிராங்க்கேஸ் (எஞ்சினின் அடிக்கூடு) மக்னீசிய வார்ப்பு. 250, 271, 450 எல்லாம் பிளாஸ்டிக் உடலுக்குள் எஞ்சினைத் தனிக் கட்டாக வைத்தவை. நாள் முழுக்க, வாரத்தில் ஆறு நாள் காட்டில் நிற்பவருக்கு அந்த வார்ப்பு அவசியம். மாதத்துக்கு ஒரு ஞாயிறு அரிபவருக்கு பிளாஸ்டிக் உடல் தேய்வதற்குள் பிள்ளைகள் கல்யாணம் முடித்துவிடுவார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. எம்எஸ் 251 என்பது 250-க்குப் பின்னால் வந்த புது மாடல். எடை 4.9, வலு 2.2. புதியது வந்து எடை கூடி வலு குறைந்திருக்கிறதே என்று தோன்றும். காரணம் புகை. பழைய டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் எரியாத கலவையில் ஒரு பங்கு அப்படியே சைலன்ஸர் வழியே வெளியே போய்விடும். புது வடிவமைப்பில் கலவைக்கு முன்னால் வெறும் காற்றை உள்ளே விட்டு, அந்தக் காற்றை வெளியே தள்ளுகிறார்கள். பெற்றோல் மிச்சம், புகையும் குறைவு. பாகங்கள் கூடுவதால் எடையும் கொஞ்சம் கூடுகிறது. காணியில் ஒரு நாளைக்கு இரண்டு டாங்க் ஊற்றும் எனக்கு 250-இன் எளிமை பிடித்திருக்கிறது. அதன் குறை அதிர்வு. ரப்பர் குஷன்தான் போட்டிருக்கிறார்கள். ஒரு மணி நேரம் போனால் விரல்கள் மரத்துப்போகும். 450-இல் ஸ்பிரிங் என்பதால் கைக்கு மிருதுவாக இருக்கிறது. மரத்தூள் காற்று வடிகட்டிக்குப் போகும் முன்பே விசிறி அதைச் சுழற்றி வெளியே தள்ளும் ஏற்பாடும் 450-இல் உண்டு. கை வலி உள்ளவர் என்றால் யோசிக்காமல் 450.

இனி அரிந்து பார்த்த கதை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் போன பிறகு காணியில் நான்கு தென்னை விழுந்து கிடந்தன. இரண்டு மெஷினுக்கும் 16 அங்குல பார், புதுச் செயின். தொடக்கத்தில் 261 பறந்தது. நான் மூன்றாவது வெட்டை முடிக்கும்போது மைத்துனர் நான்காவதை முடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். சும்மா சொல்லக்கூடாது, அழுத்தாமலே இறங்கும் அந்தச் சுகம் தனி.

ஆனால் தென்னை மற்ற மரங்களைப் போல இல்லை. நடுவில் சோறு போல மெத்து, வெளிவட்டம் கல்லு. நாருக்குள் சிலிக்காத் துகள் இருப்பதால் செயினின் பல்லை அரம் போலத் தேய்க்கும். அதோடு மாரவில மணல் வேறு. அடிப்பக்கம் வெட்டும்போது பார் நுனி ஒரு நொடி மணலில் பட்டால் போதும், செயின் முடிந்தது. இரண்டாவது மரத்தின் பாதியில் மைத்துனரின் 261 துண்டு துண்டாகச் சீவலைத் தள்ளுவதை விட்டு மா போலத் தூளைக் கக்கத் தொடங்கியது. நான் அதற்குள் குந்தி இருந்து என் செயினைத் தீட்டி முடித்திருந்தேன். அதன் பிறகு சிரித்தது நான். மழுங்கிய செயின் போட்ட 3.0 கிலோவாட்டைவிட தீட்டிய செயின் போட்ட 2.3 கிலோவாட் வேகமாக அரியும், கையும் நோகாது, எஞ்சினும் சூடாகாது. 261-க்கும் 250-க்கும் இடையில் உள்ள விலை வித்தியாசத்தில் ஒரு சின்னப் பங்குக்கு 4.8 மில்லிமீற்றர் உருண்டை அரம் இரண்டும், கோணம் காட்டும் பிடியும், உபரிச் செயின் மூன்றும் வந்துவிடும். .325 பிட்ச் (கண்ணிகளின் இடைவெளி, அங்குலத்தில்) செயினுக்கு அந்த 4.8 அரம்தான் பொருத்தம். ஒவ்வொரு டாங்க் பெற்றோல் முடிந்ததும், மழுங்கியதோ இல்லையோ, ஒரு பல்லுக்கு இரண்டு மூன்று இழுப்பு. தென்னைக்கு இதைவிடக் குறைவாகத் தீட்டி என்னால் சமாளிக்க முடிந்ததில்லை.

செயின் வாங்கும்போது ஒரு கவனம். 16 அங்குலம் என்று மட்டும் கேட்டு வாங்கி வந்து பாரில் ஏறாமல் திரும்பப் போனவன் நான். ஸ்டிலின் .325 செயினுக்கு 67 டிரைவ் லிங்க் (பார் பள்ளத்துக்குள் ஓடும் கண்ணி), ஹஸ்க்வர்னாவுக்கு 66. பார் பள்ளத்தின் அகலமும் வேறு, ஸ்டிலுக்கு 1.6 மில்லிமீற்றர், மற்றதற்கு 1.3 அல்லது 1.5. பாரின் அடிப்பக்கத்தில் எல்லாம் பொறித்திருக்கும், போனில் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

அப்புறம் அந்த 58 சிசி. என் முதல் மெஷினும் அப்படித்தான். புறக்கோட்டையில் ஒரு கடையில் 22 அங்குல பாரோடு பளபளவென்று தொங்கியது. ஒரு வருடத்தில் பிஸ்டன் கோடு விழுந்து கழற்றியபோது, சும்மா ஓர் ஆசைக்கு அளந்து பார்த்தேன். சிலிண்டர் விட்டம் 45, பிஸ்டன் ஏறி இறங்கும் ஓட்டம் 33 மில்லிமீற்றர். கணக்குப் போட்டால் 52 சிசி. மிச்சம் ஆறு சிசி ஸ்டிக்கரில் மட்டும்தான் இருந்தது. அந்த வலுவுக்கு 22 அங்குல பார் பெரிய சுமை, செயின் பாதி வேகத்தில் சுற்றும். ஒயில் பம்பும் அவ்வளவு நீளத்துக்கு ஒயில் அனுப்பாது, பார் சூட்டில் நீலம் பாய்ந்துவிடும். இது வேண்டவே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். வருடத்துக்கு இரண்டு தடவை விறகு வெட்ட, கையில் காசும் இல்லை என்றால், 18 அங்குல பாருக்கு மாற்றி, தரமான செயின் ஒன்று போட்டு ஓட்டலாம். உதிரிப்பாகம் மலிவு, எங்கேயும் கிடைக்கும். உங்கள் காணியின் வேலைக்கு அது தாங்காது. பெரிய கம்பனிகளின் நிறத்தையும் பெயரையும் ஒட்டிய போலிகளும் சந்தையில் உண்டு, "ஒரிஜினல், பெட்டிதான் இல்லை" என்று யாராவது சொன்னால் நடையைக் கட்டுங்கள்.

பெற்றோல் விஷயம் சுருக்கமாக. 92 ஒக்டேன் போதும், இரு கம்பனிகளும் கேட்பது 90-க்குக் குறையாதது. நல்ல டூ-ஸ்ட்ரோக் ஒயில் என்றால் லீற்றருக்கு 20 மில்லி. மலிவு மெஷின்களுக்கு பெரும்பாலும் 40 மில்லி கேட்பார்கள். கலந்து வைத்ததை ஒரு மாதத்துக்குமேல் வைக்காதீர்கள். 2022-இல் பெற்றோல் வரிசையில் நின்ற பயத்தில் நான் ஒரு கான் கலவையைப் பொத்திப் பொத்தி வைத்திருந்து, பிறகு அதை ஊற்றி, காபரேட்டரின் டயபிராம் விறைத்துப்போய், கடைசியில் மிச்சம் பிடித்த பெற்றோலைவிட ரிப்பேருக்குக் கூடக் கொடுத்தேன். செயினுக்கு பழைய எஞ்சின் ஒயில் ஊற்றுவது இங்கே பலரின் பழக்கம். அதில் இருக்கும் இரும்புத் தூள் பாரையும் பம்பையும் தின்னும், வளவு மண்ணும் கெடும்.

261-இன் இன்னொரு பெருமை, காபரேட்டரைத் தானே சரிசெய்துகொள்ளும் எம்-ட்ரோனிக். நுவரெலியா போல உயரத்துக்கும் கொழும்புக்கும் ஒரே மெஷினைக் கொண்டு அலைபவருக்கு அது பெரிய உதவி. பழுதானால் கம்பனியின் பரிசோதனைக் கருவி இல்லாமல் ஒழுங்கை முனை மெக்கானிக் ஒன்றும் செய்ய முடியாது. 250-ஐ அவர் ஸ்குரூட்ரைவரால் ஐந்து நிமிடத்தில் சரிசெய்வார்.

உடைக்கும் கொஞ்சம் காசு ஒதுக்குங்கள். சாரத்தை மடித்துக் கட்டி செருப்போடு செயின் சோ பிடிப்பவர்களைத் தினமும் பார்க்கிறோம், அதனால் அது சரியாகிவிடாது. கண்ணாடி, காது மூடி, தடித்த சப்பாத்து, முடிந்தால் செயின் பட்டால் நாரில் சிக்கி நிற்கும் காற்சட்டை. பார் நுனியின் மேல் பாதி எதிலும் படக்கூடாது, பட்டால் மெஷின் முகத்துக்கு எகிறும். நிற்கிற தென்னையைச் சாய்ப்பதும், ஏணியில் ஏறி வெட்டுவதும் உங்கள் வேலை அல்ல, அதற்கு ஆள் இருக்கிறார்கள்.

பில்லில் மெஷின் இலக்கம் எழுதி வாங்குங்கள். 2019 தொடக்கத்தில் இயந்திர வாள் வைத்திருப்பவர்கள் அருகிலுள்ள பொலிஸ் நிலையத்தில் பதிய வேண்டும் என்று அரசு அறிவித்தது. பில் இல்லாமல் வாங்கியவர்கள் அப்போது பட்ட பாட்டை எங்கள் ஒழுங்கையிலேயே பார்த்தேன். வாங்கிய கையோடு பொலிஸில் நடைமுறையைக் கேட்டு முடித்துவிடுங்கள். காணியில் பலா, ஈரப்பலா நின்றால் மெஷின் கையில் வந்துவிட்டதே என்று வெட்டிவிடாதீர்கள். 1951-ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் அவை இரண்டும் பெண் பனையும் உண்டு, சொந்தக் காணி என்றாலும் முதலில் பிரதேச செயலகத்தில் அனுமதி எடுக்க வேண்டும்.