அரிவாள் இருக்கட்டும், மறுநாள் காலை?

கேள்வி: பாதிக்கப்பட்ட பெண் மூலையில் உட்கார்ந்து அழுத காலம் போய், இப்போது அரிவாளைத் தூக்கிக் கணக்குத் தீர்க்கிறாள். தமிழ் சினிமா முன்னேறிவிட்டது என்று இனியாவது ஒப்புக்கொள்வீர்களா?
(வாசகர், கரூர்)

பதில்: தூக்குகிறாள், சரி. மறுநாள் காலை அவள் எப்படி எழுந்தாள்? இரவு தூங்கினாளா? வழக்கமான பஸ்ஸில் ஏறினாளா? அதற்குள் படம் முடிந்து நாம் வண்டி எடுக்கப் போய்விடுகிறோம். பல படங்களில் அந்த அரிவாளும் அவள் கையில் இருப்பதில்லை. அண்ணனோ அப்பாவோ காதலனோ வைத்திருப்பார். அவள் பட்ட காயம், இடைவேளைக்குப் பிறகு அவருக்குக் கிடைக்கும் வேலை.

இதை யோசித்தவர்கள் நம்மிடம் இல்லாமல் இல்லை. ஜெயகாந்தன் 1966-ல் எழுதிய 'அக்கினிப் பிரவேசம்' கதையில், மழையில் முன்பின் தெரியாதவன் காரில் ஏறிச் சீரழிக்கப்பட்டு வீடு திரும்பும் மகளின் தலையில் தாய் தண்ணீரைக் கொட்டுகிறாள். உன்மேல் கறை இல்லை என்கிறாள். அவ்வளவுதான். அதற்கே ஏக எதிர்ப்பு. அந்தத் தாய் கூச்சல் போட்டு ஊரைக் கூட்டியிருந்தால்? அதைத்தான் பின்னால் நாவலாக எழுதினார். பீம்சிங் இயக்கத்தில் 1977-ல் படமாக வந்த 'சில நேரங்களில் சில மனிதர்கள்' அது. லட்சுமி நடித்த கங்கா படித்தவள், வேலை பார்க்கிறாள், சம்பாதிக்கிறாள். நீங்கள் கேட்கும் முன்னேற்றமெல்லாம் அவளிடம் உண்டு. ஆனால் குத்திக்காட்ட மாமா ஒருவர் இருக்கும் வரை புண் எங்கே ஆறும்? நடந்தது ஒரு நாள். தண்டனை வருஷக்கணக்கில், அதுவும் அவளுக்கு.

1989-ல் 'புதிய பாதை'. நாயகி தன்னைச் சீரழித்தவனையே தேடிப்போய், அவனோடு வாழ்ந்து அவனைத் திருத்துகிறாள். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் கிடைத்தது. கைதட்டியவர்களில் நானும் ஒருவன்; இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. சினிமாதானே என்று விடவும் முடியவில்லை. பாலியல் வன்கொடுமை வழக்கில் தண்டனை பெற்றவருக்கு, பாதிக்கப்பட்ட பெண்ணோடு சமரசம் பேசுவதற்காக 2015-ல் சென்னை உயர் நீதிமன்றமே ஜாமீன் கொடுத்தது. எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் உத்தரவைத் திரும்பப் பெற்றது.

அப்புறம் 2023-ல் 'சித்தா' வந்தது. சீரழிக்கப்பட்ட அண்ணன் மகளுக்காகப் பழி வாங்கத் துடிக்கும் சித்தப்பாவிடம் நாயகி கேட்பதன் சாரம் இது: நீ கொல்லப் போவது உன் ஆத்திரம் தீரவா, அந்தக் குழந்தை தேறவா?

உங்கள் அரிவாளுக்கும் அதே கேள்விதான்.