கேள்வி–பதில்: டோரோ ஆற்றங்கரைத் திராட்சை மலைகள்

கே: போர்ச்சுகல் போகிறோம். போர்ட்டோவிலிருந்து ஒரே நாளில் டோரோ பள்ளத்தாக்கைப் பார்த்துத் திரும்பலாமா? (வாசகி, மதுரை)

ப: தாராளமாக. பின்யாவ் ஊருக்கு ரயிலில் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம். போகும்போது வலப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள். முதல் ஒரு மணி நேரம் ஆறே தென்படாது, ஏமாந்து தூங்கிவிடாதீர்கள். பின்யாவ் நிலையச் சுவர்களில் 1937-இல் பதித்த நீல ஓடுகள், அறுவடையைக் கூடை சுமப்பவர்கள் வரை காட்டுகின்றன. மேலே கசால் த லொய்வுஷ் காட்சி முனைக்கு ஏற்றம் கடுமை, டாக்ஸிதான் சரி. ஜூலை, ஆகஸ்டில் வெயில் 40 டிகிரியைத் தொடும். அறுவடை பார்க்க செப்டம்பர் பிற்பாதி, இலை சிவப்பதைப் பார்க்க அக்டோபர் கடைசி.

கே: மலைச்சரிவில் திராட்சைப் படிகளைத் தாங்கும், சிமென்ட் இல்லாத அந்தக் கல்கட்டுகள் எப்படி நிற்கின்றன? சில சரிவுகளில் கல்கட்டே இல்லையே? (வாசகர், திருச்சி)

ப: அங்குள்ளது சிஸ்ட் பாறை, பாளம் பாளமாகப் பிளக்கும். பாளங்களை மலைப்பக்கம் சற்றே சாய்த்து அடுக்கி, பின்னால் சில்லுக்கல் நிரப்புவார்கள். மழைநீர் இடுக்குகள் வழியே கசிந்து போய்விடும். பழுது பார்க்கிறேன் என்று இடுக்கைச் சிமென்டால் பூசினால் போச்சு: தண்ணீர் பின்னால் தேங்கி, கட்டு வயிறு தள்ளிச் சரியும். பழைய கட்டுகளின் முகப்பில் சதுரப் பொந்துகள் இருந்தால் கவனியுங்கள். மேலே சமதளத்தைத் தானியத்துக்கு விட்டுவிட்டு, கொடியை அந்தப் பொந்தில் நட்டார்கள்!

1860-களில் வந்த பிலாக்செரா பூச்சி கொடிகளை வேரோடு அழித்தது. அப்போது கைவிட்ட படிகளில் பலவற்றில் இன்று புதரும் ஆலிவும்தான். கல்கட்டே இல்லாத மண் கரைகள் 1970-களுக்குப் பின் புல்டோசர் வெட்டியவை. டிராக்டர் ஓட்ட வசதி, கண்ணுக்கு அழகில்லை. 2001-இல் யுனெஸ்கோ இப்பகுதியை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததற்கு அந்தக் கல்கட்டுகளும் ஒரு முக்கியக் காரணம். 1756-இலேயே ஒயினுக்கென எல்லை வகுத்த பகுதி இது. அப்போது நட்ட கருங்கல் தூண்களில் சில இன்றும் நிற்கின்றன.

கே: திராட்சையைக் காலால் மிதிப்பது சுற்றுலாவுக்கான வேடிக்கையா? (வாசகர், கோவை)

ப: பாதி வேடிக்கைதான். ஆனாலும் சில பண்ணைகள் உயர்ரக போர்ட் ஒயினுக்கு (சாராயம் சேர்த்த இனிப்பு ஒயின்) இன்னும் மிதிக்கின்றன. கருங்கல் தொட்டியில் தோளோடு தோள் கோத்து, ஒரே தாளத்தில் முதல் இரண்டு மணி நேரம். பிறகு பாட்டும் ஆட்டமும். பாதம் தோலை நசுக்கும், விதையை உடைக்காது. விதை உடைந்தால் கசக்கும். இரண்டு மூன்று நாள் புளித்ததும், மரபுக் கணக்கில் 435 லிட்டர் சாற்றுக்கு 115 லிட்டர், 77 சதவீத ஆல்கஹால் கொண்ட திராட்சைச் சாராயம் சேர்ப்பார்கள். சர்க்கரையை ஆல்கஹாலாக்கும் ஈஸ்ட் செத்துவிடும், மிச்சச் சர்க்கரை அப்படியே தங்கிவிடும்.