விட்டுவிட்டால் சரியாகிவிடுமா?

கேள்வி: எங்கள் தோட்டத்துப் பையனைப் பயங்கரவாதச் சந்தேகம் என்று சொஸ்மா சட்டத்தில் (மலேசியாவின் பாதுகாப்புக் குற்றங்கள் சிறப்பு நடவடிக்கைகள் சட்டம்) பிடித்தார்கள். கைப்பேசியில் ஏதோ படங்கள் இருந்தனவாம். 28-ஆம் நாள் வழக்கே போடாமல் விட்டுவிட்டார்கள். இப்போதும் ஊரில் சிலர், ‘நெருப்பில்லாமல் புகையுமா?’ என்கிறார்கள். தப்பில்லை என்று தெரிந்ததும் விட்டுவிட்டார்களே, அரசாங்கத்தைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?
- வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: இருக்கிறது, ஐயா. அந்த 28 நாளில் ஒரு நாளாவது மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தினார்களா என்று பையனிடம் கேளுங்கள். திருட்டு வழக்கில் சிக்கியவனைக்கூட 24 மணி நேரத்துக்குள் நிறுத்தியாக வேண்டும். ரிமாண்டை நீட்டிக்க போலீஸ் அங்கே காரணம் சொல்ல வேண்டும். கொலை வழக்கிலும் மொத்தம் 14 நாள்தான். சொஸ்மாவிலோ சூப்பரிண்டெண்டெண்ட் பதவியிலோ அதற்கு மேலோ உள்ள போலீஸ் அதிகாரி தீர்மானித்தால் போதும், 28 நாள் உள்ளே. பிடித்த துறையே பிடித்தது சரி என்று சொல்லிக்கொள்கிறது. ‘எதற்காக இவனைப் பிடித்தாய்?’ என்று முதல் நாளே கேட்க வெளியாள் ஒருவர் இருந்திருந்தால், பையன் மறுநாளே வீட்டுக்கு வந்திருக்கலாம்.

படம் என்றதும் 2019 அக்டோபர் நினைவுக்கு வருகிறது. விடுதலைப் புலிகளோடு தொடர்பு என்று 12 பேரைப் பிடித்தார்கள். அவர்களில் இருவர் சட்டமன்ற உறுப்பினர்கள். சொஸ்மாவின் 13-ஆம் பிரிவு ஜாமீனை அடைத்து வைத்திருக்கிறது. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள், பெண்கள், நோயாளிகளுக்கு மட்டும் விலக்கு உண்டு; பயங்கரவாதக் குற்றச்சாட்டு என்றால் அதுவும் இல்லை. அந்தப் பிரிவு அரசமைப்புக்கு முரண் என்று நவம்பரில் உயர் நீதிமன்றமே சொன்னது. 2020 பிப்ரவரி 21-ஆம் தேதிதான் சட்டத்துறைத் தலைவர் டோமி தோமஸ் எல்லாருடைய வழக்குகளையும் கைவிட்டார். பிரபாகரன் படத்தைக் கைப்பேசியில் வைத்திருப்பதாலேயே ஒருவர் பயங்கரவாதி ஆகிவிட மாட்டார் என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. அக்டோபரிலும் இருந்தது அதே படம்தானே? தீபாவளி, பொங்கல், தைப்பூசம் எல்லாம் அதற்குள் வந்து போய்விட்டன.

உங்கள் ஊருக்கு இதெல்லாம் தெரியாததா? 1948 ஜூன் 16-இல் சுங்கை சிப்புட்டில் தோட்டத் துரைமார் மூவர் சுடப்பட்டதும் அவசரகாலம் வந்தது. விசாரணையில்லாமல் அடைக்கும் வழக்கம் அதோடு வேரூன்றி, 1960-இல் இசா என்ற உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டமாயிற்று. இசாவை எடுத்த இடத்தில் 2012-இல் சொஸ்மா வந்து உட்கார்ந்தது. நடுவில், 2011 ஜூலையில், அப்போது உங்கள் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த டாக்டர் ஜெயக்குமார் தேவராஜையே கம்யூனிசத்துக்கு உயிர் கொடுக்கிறார் என்று அவசரகாலச் சட்டத்தில் அடைத்தார்கள். மாதக் கடைசியில் விட்டார்கள். 2013 தேர்தலில் சுங்கை சிப்புட் அவரையே மறுபடி ஜெயிக்க வைத்தது. அவருக்குச் சொல்லாத ‘நெருப்பு, புகை’ பேச்சைத் தோட்டத்துப் பையனுக்கு மட்டும் ஏன் சொல்கிறார்கள்?

இனி இப்படி ஒரு வீட்டுக்கு நேர்ந்தால் செய்ய வேண்டியது. பிடித்த நேரம், அதிகாரியின் பெயர், பதவி, எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு, எந்த பாலாய் (போலீஸ் நிலையம்) என்று அப்போதே ஒரு தாளில் எழுதி வையுங்கள். நெருங்கிய உறவினருக்கு உடனே தகவல் சொல்ல வேண்டும் என்கிறது 5-ஆம் பிரிவு. வழக்கறிஞரைப் பார்க்க விடுவதைப் போலீஸ் தள்ளிப்போடலாம், ஆனால் 48 மணி நேரத்துக்கு மேல் முடியாது. அதையும் சூப்பரிண்டெண்டெண்டோ அவருக்கு மேலுள்ளவரோதான் அனுமதிக்க வேண்டும். 49-ஆவது மணியில் வழக்கறிஞர் பாலாய் வாசலில் நிற்க வேண்டும். பல குடும்பங்கள் கோட்டை விடுவது இங்கேதான். ‘சும்மா விசாரணைதான், விட்டுவிடுவோம்’ என்ற வார்த்தையை நம்பி வாரக்கணக்கில் காத்திருக்கிறார்கள். பிடித்ததில் சட்ட நடைமுறை மீறப்பட்டிருந்தால் ஆட்கொணர்வு மனு போடலாம், ஆனால் ஆள் உள்ளே இருக்கும்போதுதான் போட முடியும். வீட்டில் சோதனை போட்டால் எடுத்துப்போகும் பொருள்களின் பட்டியல் நகலைக் கேட்டு வாங்குங்கள். கைப்பேசி என்று மட்டும் எழுத விடாதீர்கள். மாடல், நிறம், சிம் அட்டை, மெமரி கார்டு என்று தனித்தனியாக இருக்கட்டும்; திரும்பக் கேட்கும்போது அதுதான் உங்கள் பிடி.

உங்கள் பையன் விஷயத்துக்கு வருகிறேன். சொஸ்மாவில் நஷ்டஈடு என்ற பேச்சே இல்லை. சட்டவிரோதமாக அடைத்தார்கள் என்று சிவில் வழக்குத்தான் போட வேண்டும். அரசுத் தரப்பு மீது போடும் வழக்குக்கு 1948-ஆம் ஆண்டு பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டம் 36 மாதம்தான் கெடு வைத்திருக்கிறது. பிடித்த தேதியிலிருந்தே எண்ணிக்கொண்டு, இந்த வாரமே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.